பதினாறா, பதினெட்டா

சிவந்தியின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கைபேசிகள் இருக்கும். ஒன்று அவருடையது, கொருக்குப்பேட்டையில் இருக்கும் மொத்த மளிகைக்கடைக்கு வரும் அழைப்புகளால் நாள் முழுக்கக் கத்துவது. இன்னொன்று மகன் ஷிபினுடையது. ஷிபின் டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அந்தப் போனுக்குத் தினமும் சார்ஜ் ஏற்றுவதையும், மாதம் தவறாமல் ரீசார்ஜ் போடுவதையும் சிவந்தி நிறுத்தவில்லை. ஏன் என்று மனைவி தேவகிருபை கேட்டதில்லை. கேட்டிருந்தால், "ஆஃபர் நல்லா இருக்கு" என்றிருப்பார்.

எட்டு மாதமாக அவர் நாக்குக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. மூன்று மூட்டை மிளகாயை முன்னால் கொட்டிக் கிளறினாலும் கண் கலங்குவதில்லை. நகைச்சுவை மட்டும், அணைக்க மறந்துவிட்டுப் போன மின்விசிறி மாதிரி, ஆளில்லாத அறையில் சுற்றிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டாவது போன் அடித்தது.

"ஷிபின் சார், உங்க வண்டி அலாட் ஆயிடுச்சு சார்" என்றது ஒரு பெண்குரல்.

"அவன் அப்பா பேசுதேன்."

"அப்பா சாரா, வணக்கம் சார். சனிக்கிழமைக்குள்ள ஷிபின் சாரைக் கூட்டிட்டு ஷோரூம் வந்துடுங்க. டயர் சைஸ், ரூஃப், சீட், கலர் எல்லாம் கன்ஃபர்ம் பண்ணணும். இல்லன்னா உங்க டர்ன் அடுத்தவங்களுக்குப் போயிடும்."

ஒன்றரை வருடத்துக்கு முன் ஷிபின் பதிவு செய்த ஜீப் அது. மலை, மணல், சேறு, எங்கே விட்டாலும் நாலு சக்கரமும் இழுக்குமாம். "ரோடு இல்லாத இடத்துல ஓட்டதுக்கு எதுக்குல தனியா வண்டி? நம்ம கடை வாசல்ல என்ன ரோடா கெடக்கு?" என்று அன்றைக்குச் சிவந்தி கேட்டார். பையன் சிரித்துக்கொண்டே முன்பணத்தைக் கட்டிவிட்டான்.

இப்போது போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஆனால் வேண்டாம் என்றால், ஏன் என்பார்கள். ஏன் என்றால், ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைச் சிவந்தி இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மச்சினன் ஊருக்கெல்லாம் போன் போட்டான். வியாபாரிகள் சங்கம் சுவரொட்டி அடித்தது. போதகர் மைக்கில் சொன்னார். எல்லாம் மொத்த விலையில் முடிந்துவிட்டது. சில்லறையில் விற்க அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"போன்லயே சொல்லிரலாம்லா" என்றாள் தேவகிருபை.

"மரியாதையா இருக்காது. நேர்ல போயி சொல்லுதேன்."

"சொல்லிருவியளா? நானும் வரட்டா?"

"ரெண்டு பேரா போனா ரெண்டு வண்டிய தலையில கட்டிருவான்."

அவள் சிரிக்கவில்லை. "பால்காரருக்கு நான் சொன்னேன். கேஸ் கொண்டாந்த ஆளுக்கு நான் சொன்னேன். அவன் கூடப் படிச்ச பிள்ளையள்ல யாரு போன் பண்ணாலும் நாந்தான் வாங்கிச் சொல்லுதேன். ஒரு தடவை, ஒரே ஒருத்தர்ட்ட, நீங்க சொல்லிட்டு வாங்க."

அவர் திருச்செந்தூர்ப் பக்கம், அவள் நாசரேத். முருகன் காலண்டரும் வேதவசனக் காலண்டரும் ஒரே ஆணியில் தொங்குகிற வீடு அது. முப்பது வருடத்தில் அவள் அவரிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதையும் கெஞ்சவில்லை. சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை சிவந்தி தன் பழைய ஸ்கூட்டரில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் போனார். வெளியே கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏசி, ரூம் ஸ்ப்ரே, மலையேறத் தயாராக ஒரு சிவப்பு ஜீப். கீர்த்தி என்று பெயர்ப்பட்டை குத்திய பெண், "யம்மா, மீனு வந்தா வாங்கி வெச்சிடு, நா பிசியா கீறேன்" என்று போனை வைத்துவிட்டு, அடுத்த நொடியே ஷோரூம் தமிழுக்கு மாறினாள்.

"வெல்கம் சார். உட்காருங்க. ஷிபின் சார் வரலையா?"

இருவருக்கும் நடுவில் ஒரு மேஜை இருந்தது. அதுதான் வினை.

"நாளைக்கு வருவான்" என்றார் சிவந்தி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. முப்பத்துநான்கு வருடமாக ஒரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அவர். பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மனிதரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்பது அவர்கள் கடைகளின் சட்டம். சீரகம் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தாலும், "நாளைக்கு வருது" என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால், சீரகம் கேட்டவரோடு லட்சுமியும் சேர்ந்து காதில் வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள். கடையே சுத்தமாகத் துடைத்த மாதிரி கிடந்தாலும், நாளைக்கு வரும். நாக்கு அப்படிப் பழகிவிட்டது. எதிரில் ஒரு மேஜையைக் கண்டதும், இங்கே தான் வாடிக்கையாளர் என்பதைக்கூட மறந்து, அது தன் வேலையைச் செய்துவிட்டது.

"பரவாயில்ல சார், நீங்களே செலக்ட் பண்ணுங்க. மொதல்ல டயர்" என்றாள் கீர்த்தி. "245/75 ஆர் 16 ஒண்ணு. 255/65 ஆர் 18 ஒண்ணு."

"இதென்னம்மா, தண்டவாளத்துல போற வண்டி நம்பரு மாதிரி."

"ஈஸி சார். 245 மில்லிமீட்டர் டயரோட அகலம். அதுல எழுபத்தஞ்சு பர்சென்ட் பக்கவாட்டு ரப்பரோட உசரம். 16 ரிம்மு, இன்ச்ல. பதினெட்டு பாக்க ரிச்சா இருக்கும், தார் ரோட்டுல நல்லா நிக்கும். பதினாறுல ரப்பர் உசரம் ஜாஸ்தி. மணல்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டா புதையாம போகும்."

மில்லிமீட்டர் சிவந்திக்குத் தெரியும். "ஏலக்காய எட்டு மில்லி சல்லடையில சலிச்சு, மேல நிக்கது ராஜா. எரநூத்தி நாப்பத்தஞ்சுன்னா பலாப்பழம்லா."

கீர்த்தி மனம்விட்டுச் சிரித்தாள். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாடிக்கையாளர் சிரித்தார், அவ்வளவுதான்.

"ஷிபின் சார் எங்க ஓட்டுவாரு?"

"ஊர்ப்பக்கம் தேரிக்காடு இருக்கு. செக்கச்செவேல்னு மணல்."

ஷிபின் தேரிக்காட்டில் கால் வைத்ததே இல்லை. அவன் எங்கே ஓட்ட நினைத்தான் என்று சிவந்தி கேட்டதும் இல்லை.

"பின் சீட்டு, சைடா பாத்த மாதிரியா, முன்னாடி பாத்த மாதிரியா சார்? ஃபேமிலியோட போவாரா? கல்யாணம் ஆயிடுச்சா?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"சூப்பர் சார். சரி, வேரியன்ட் லாக் பண்ணணும்னா அவரு நம்பருக்கு ஓடிபி வரும். கேட்டுச் சொல்றீங்களா?"

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். சிவந்தியின் சட்டைப்பை சிணுங்கியது. கீர்த்தி பையைப் பார்த்தாள். சிவந்தியும் குனிந்து, யாருடைய பையோ போல அதைப் பார்த்தார்.

"போனை உங்ககிட்டயே குடுத்துட்டாரா சார்?"

"அவன் இப்பல்லாம் போனே பாக்கதில்ல."

"ரொம்ப நல்ல பழக்கம் சார்" என்றாள் கீர்த்தி, மனதார. "எங்க அண்ணன் சாப்புடற நேரத்துல கூட கீழ வெக்க மாட்டான்."

இதற்கு மேல் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், பையனுக்குப் பெண் பார்த்து, பேரப்பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிடுவோம் என்று சிவந்திக்குப் பட்டது. "ஓட்டிப் பாத்துட்டு டயரு சொல்லுதேன்" என்று எழுந்துவிட்டார்.

சோதனை ஓட்டத்துக்கு வந்தவர் தேசப்பன். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டி ஓய்ந்து, இப்போது ஷோரூமில் ஓட்டுநர். சிவந்திக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று தெரிந்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"அத்த இன்னாத்துக்கு நீ ஓட்டணும்? குந்து நைனா. ஒடம்பு சொல்லும் டயரு எப்டின்னு."

எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி வடக்கே போனது. வலது பக்கம் கடல், அலை தடுக்கக் கொட்டிய பாறைகள். இடது பக்கம் வரிசையில் நின்று தூங்கும் கன்டெய்னர் லாரிகள். ஓரிடத்தில் தேசப்பன் சாலையை விட்டு இறங்கி, சரளையும் மணலுமாகக் கிடந்த மேட்டில் வண்டியை ஏற்றினார். சிவந்தியின் தொப்பை ஒரு முறை மேலே போய், யோசித்து, திரும்ப வந்து அமர்ந்தது.

"இத்து பதினாறு. மெத்தை கணக்கா கீதா? பதினெட்டு போட்டா இங்க முதுகெலும்ப எண்ணிக்கலாம்" என்றார் தேசப்பன். பிறகு கேட்டார்: "வண்டி உனுக்கா?"

"பையனுக்கு."

"இன்னா பண்றாப்ல பையன்?"

நடுவில் மேஜை இல்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் வானமும் புகைபோக்கியும்.

"செத்துப் போயிட்டான்" என்றார் சிவந்தி. "எட்டு மாசமாச்சு."

குரல் மிளகு விலை சொல்லும் குரலாகவே இருந்தது. தேசப்பன் பிரேக் அடிக்கவில்லை. மேட்டிலிருந்து வண்டியை மெல்ல இறக்கி, எதிரே வந்த லாரிக்கு வழி விட்டார்.

"ஜொரமா?"

"டெங்கு."

"எத்தினி வயசு?"

"இருவத்தாறு."

"ஒரே புள்ளையா?"

"ஆமா."

தேசப்பன் வண்டியைத் திருப்பி ஷோரூம் பக்கம் ஓட்டினார். சிவந்தி காத்திருந்தார். அந்த வாக்கியம் வெளியே வந்தால் கூடவே வேறு என்னென்னவோ வரும், இருக்கிற இடமே நாறிப்போகும் என்று எட்டு மாதமாகப் பயந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வண்டிகூடக் குலுங்கவில்லை. டயர் காரணமாக இருக்கலாம்.

"அந்தப் பொண்ணாண்ட சொன்னியா?"

"நாளைக்கு வருவான்னு சொல்லிட்டேன்."

தேசப்பன் திரும்பிப் பார்த்தார். "இன்னாத்துக்கு அப்டி சொன்ன?"

"கடைக்காரன்லா. வாய் அப்படித்தான் வருது."

"நா போயி சொல்ட்டா?"

"வேண்டாம். நான்தான் சொல்லணும். வீட்டுல கேப்பா."

"சரி." ஷோரூம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு தேசப்பன் சாவியை உருவினார். "வண்டி வாணாம், கரீக்ட்டு. ஆனா ஓட்டினவன் கேக்கறேன், சொல்லிட்டுப் போ. எத்து புட்ச்சிது?"

"பதினாறு."

"அதாம்பா. பதினெட்டு சோக்குக்கு."

உள்ளே கீர்த்தி அதே இடத்தில் இருந்தாள், மேஜையும் இருந்தது. சிவந்தி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்க்க வருகிறார் என்று நினைத்து அவள் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாள்.

"ஷிபின் வர மாட்டாம்மா" என்றார், திரையைப் பார்த்தபடி. "எட்டு மாசம் முந்தி செத்துப் போயிட்டான். வண்டிய கேன்சல் பண்ணணும். நாளைக்கு வருவான்னு சொன்னது என் தப்பு."

கீர்த்தியின் ஷோரூம் தமிழ் அப்படியே கழன்று விழுந்தது. "ஐய, இன்னா சார் நீங்க. மொதல்லயே சொல்லக் கூடாதா. நா பாட்டுக்கு கல்யாணம் ஆச்சா, போன் பாக்க மாட்டாரான்னு பேசிக்கினு கீறேன்."

"நானும்தான் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். கண்ணத் தொடச்சுக்கோம்மா. மை கலைஞ்சா, வெலையக் கொறச்சுக் கேட்டு கஸ்டமரு அழ வெச்சுட்டாருன்னு ஒங்க மேனேஜரு என்னைப் பிடிப்பாரு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். "கேன்சல் பண்ணணும்னாலும் வேரியன்ட் முழுசா ஃபில் ஆயிருக்கணும் சார். காலியா வுட்டா சிஸ்டம் எடுக்காது. இருங்க, எத்தையாச்சும் போட்டு முடிச்சிடறேன்."

"எதையாவது போடாத" என்றார் சிவந்தி. "ஒண்ணொண்ணா கேளு. சொல்லுதேன்."

கீர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினாள்.

"டயர் சார்?"

"பதினாறு."

"ரூஃப்? கெட்டிக் கூரையா, மடிக்கிற துணியா?"

"துணி ஒழுகுமா?"

"ஒழுகாது. ரோட்டு சத்தம் உள்ள வரும்."

"அப்ப கெட்டிக் கூரை. அவன் பாட்டுக் கேப்பான்." இது பொய் இல்லை. அடுத்த தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்பான்.

"பின் சீட்டு?"

"முன்னாடி பாத்த மாதிரி. சைடுல உக்காந்தா கிருபைக்குக் கழுத்து வலிக்கும்."

"கலர் சார்? சிவப்பு, கறுப்பு, வெள்ள, கிரே."

சிவந்தி யோசித்தார். ஷிபினின் சட்டைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். இஸ்திரி மடிப்புகள் ஞாபகம் வந்தன, நிறம் வரவில்லை. மறுபடி யோசித்தார். இருபத்தாறு வருடம் கூடவே இருந்தவன். கீர்த்தி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"சொல்லிட்டியளா?" என்றாள் தேவகிருபை, எடுத்ததும்.

"சொல்லிட்டேன். ரெண்டு பேர்ட்ட."

அந்தப் பக்கம் அவள் உட்காருகிற சத்தம் கேட்டது.

"கிருபை, அவனுக்கு என்ன கலரு பிடிக்கும்?"

"கலரு எதுக்கு? வேண்டாம்னுதான சொல்லப் போனிய?"

"வேண்டாம்னுதான் எழுதுதாவ. அதுக்கும் எல்லாத்தையும் நிரப்பணுமாம்."

குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"கறுப்பு" என்றாள்.

"கறுப்புல தூசி அப்படியே தெரியும்லா. நம்ம தெருவுல நிறுத்துனா ஒரே நாள்ல வெளுத்துரும்."

"அவன் தொடச்சிக்கிடுவான்" என்றாள் தேவகிருபை.

சிவந்தி கீர்த்தியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கறுப்பை அழுத்தினாள்.