ஐந்து எண்ணும் நேரம்

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரேடியோ. போட்டால் நிற்காது என்பதுதான் காரணம். அந்தப் பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்துவிட்டது. அன்று காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி மனைவி சொன்னாள்: "இன்னைக்காவது ரேடியோவைக் கொஞ்சம் சின்னதா வைங்க. அந்தம்மா ஊருக்குக் கிளம்புற நாளு. பஸ்ஸைத் தவற விட்டுடப் போறாங்க."

அந்தம்மா, அவருடைய இயற்பியல் துறைத் தலைவி. வேறு ஊரில் ஒரு பள்ளிக்கு முதல்வராகப் போகிறார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் துறையின் சார்பில் பேச ரேடியோவுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பதினொரு வருடமாக மனதில் வைத்திருந்த நன்றியை நான்கு தாளில் எழுதிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. இன்று சரியாகச் சொல்லாவிட்டால் பிறகு போனில் சொல்லித் தீர்க்கிற சமாச்சாரம் இல்லை அது.

பம்பு செட் தொழிற்சாலையில் பதினாறு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர் அவர். ஆலை மூடியபோது வயது நாற்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள். பெட்டியின் அடியில் கிடந்த பி.எட். சான்றிதழைத் தூசி தட்டிக்கொண்டு இந்தப் பள்ளிக்கு வந்தார். ஆறு மாதம் தற்காலிக வேலை. துறைத் தலைவியின் அறிக்கையைப் பார்த்துத்தான் நிரந்தரம். அந்தத் தலைவி அவரைவிட எட்டு வயது இளையவர்.

முதல் தடவை தலைவி மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, லென்ஸ் பாடத்தை வேர்த்து விறுவிறுக்க நடத்தினார் ரேடியோ. வகுப்பு இரண்டு முறை சிரித்தது. தேறிவிட்டோம் என்று நினைத்தார். மணி அடித்ததும் மேடம் ஒரு தாளை நீட்டினார். வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே முப்பத்தெட்டுக் கட்டங்கள். வாய் திறந்தவர் கட்டத்தில் புள்ளி. புள்ளி விழுந்த கட்டங்கள் ஆறே ஆறு.

"பாடம் நல்லா இருந்துச்சு சார்," என்றார் மேடம். "ஆனா மிச்சம் முப்பத்திரண்டு பேரும் இன்னைக்கு லீவு போட்டிருந்தாலும் இதே பாடம்தான் நடந்திருக்கும்."

சுருக்கென்றது. ஆனால் மறுத்துப் பேச வழியில்லை. பம்பு போடுகிற சத்தத்தை வைத்து அவரும் ஒருநாளும் முத்திரை குத்தியதில்லை. வெளியே வருகிற தண்ணீரைத்தான் அளந்திருக்கிறார்.

கேள்வி கேட்ட அடுத்த நொடியே பதிலையும் தானே சொல்லிவிடுவதுதான் அவருடைய கோளாறு என்று மேடம் கண்டுபிடித்தார். கேட்டுவிட்டு மேசை மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஐந்து எண்ணச் சொன்னார். முதல் வாரம் மூன்றாவது விரலிலேயே வாய் முந்திக்கொண்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் மேடம் பின்னால் வந்து உட்கார்ந்தார், புள்ளி வைத்தார், ஒரு சொல் கூடக் கடிந்து பேசாமல் தாளைக் கொடுத்தார். ஐந்தாவது வெள்ளியில், ஜன்னலோரம் வாயே திறக்காத ஒரு பெண் சுண்டுவிரல் மடங்கும் நேரத்தில் பதில் சொன்னாள். அவள் கட்டத்தில் புள்ளி விழுந்த அந்தத் தாள் இன்னும் அவர் பர்ஸில் இருக்கிறது.

பிரிவு உபசாரக் கூட்டத்தில் பள்ளி முதல்வர் பேசினார். வழக்கமாகப் பேசுகிற நால்வரும் பேசினார்கள். மேடத்திடமிருந்து தொற்றிய பழக்க தோஷத்தில் ரேடியோ தன் உரையின் பின்பக்கம் அந்த அறையைக் கட்டங்களாக வரைந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கதவோரம், டீத் தட்டுடன் நின்ற லேப் உதவியாளரின் கட்டம் காலி. இத்தனை வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் அதில் புள்ளி விழுந்ததில்லை.

தன் முறை வந்ததும் எழுந்து, தன் நேரத்தை லேப் அண்ணனுக்குத் தருவதாகச் சொன்னார். ரேடியோவில் கரண்ட் போய்விட்டதா என்று கெமிஸ்ட்ரி வாத்தியார் கேட்க, அறை சிரித்தது. அண்ணன் தரையைப் பார்த்தார். ரேடியோ மேசை மேல் விரல்களை மடக்கினார். நான்காவது விரலில் அண்ணன் தட்டைக் கீழே வைத்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். சார் வந்த புதுசுல, பழைய முதல்வர் இவரு வேணாம், அனுப்பிடலாம்னுட்டாரு. நான் அவரு ரூம்ல பீரோ துடைச்சிட்டிருந்தேன். மேடம் சொன்னாங்க: 'அஞ்சு வாரம் குடுங்க. அவர் தேறலைன்னா தலைவி பொறுப்பை நான் விட்டுடறேன்.' வெளிய வந்து, சாருக்குத் தெரிய வேணாம்ணே, தெரிஞ்சா பயந்துடுவாருன்னாங்க. அதான் சொல்லலை."

ரேடியோ மேடத்தைப் பார்த்தார். ஐந்து வெள்ளிக்கிழமைகளும் அந்தக் கடைசி பெஞ்சில் யாருடைய பதவி பணயத்தில் இருந்தது என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான்கு தாளும் கையில் இருந்தன. வாய் திறந்தது; வார்த்தை வரவில்லை.

கெமிஸ்ட்ரி வாத்தியார் உதவிக்கு ஏதோ சொல்ல வந்தார். மேடம் கையமர்த்தினார். பிறகு தன் முன்னால் இருந்த மேசையில் கையை வைத்து, நிதானமாக, முதல் விரலை மடக்கினார்.