ஏழாவது ஜூரர்

கலிபோர்னியாவின் டப்ளினில் தன் வாடகை வீட்டிலேயே டேகேர் நடத்திவந்த வான்மதிக்கு கோர்ட்டில் பொதுமக்கள் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி டியூட்டிக்கான அழைப்பு வந்தபோது, அவள் குடியுரிமை பெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கணவன் இறந்த பிறகு அவளும் ஹைஸ்கூல் படிக்கும் மகள் தீக்ஷாவும் அந்த டேகேரை நம்பித்தான் இருந்தார்கள். ஆறு குழந்தைகள். எல்லாரும் வேலைக்கு ஓடுகிற பெற்றோரின் பிள்ளைகள்.

ஒருமுறை தள்ளிப்போட்டாள். மறுமுறை தள்ளிப்போட வழியில்லை என்றார்கள். கோர்ட்டுக்குப் போனவளை நீதிபதி பொறுமையாகத்தான் விசாரித்தார். தான் இல்லாமல் டேகேரைத் திறக்க முடியாது, வேறு யாரையாவது வைக்கலாமென்றால் அவர்கள் கைரேகை கொடுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அப்படி யாரும் தனக்கு இல்லை என்று அவள் சொன்னாள். நிறைந்த அறையில் அத்தனை பேர் முன்னால் வாடகையைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. வழக்கு ஒரு வாரத்தில் முடிந்துவிடும், அதுவரை பெற்றோர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன் என்றார் நீதிபதி. ஒரு லாரி டிரைவரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிப் பார்த்தார். அவரையும் விடவில்லை. வான்மதியை ஏழாவது நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

கோர்ட் கொடுக்கும் படி நாளுக்குப் பதினைந்து டாலர். முதல் நாளுக்கு அதுவும் கிடையாது.

மரிசா என்ற பெண்ணின் மீதான வழக்கு அது. தனியாக இருந்த ஒரு முதியவரை அவர் வீட்டில் கவனித்துக்கொண்ட மரிசா, அவருடைய பேங்க் கார்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்துவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. முதியவர் இப்போது உயிரோடு இல்லை. ஏடிஎம் வீடியோவில் தொப்பி போட்ட ஒரு உருவம் தெரிந்தது. முகம் தெரியவில்லை. முதியவரின் மகனுக்கும் அந்தக் கார்டின் ரகசிய எண் தெரியும் என்பது விசாரணையில் வெளிவந்தது.

முதல் வாரம் பெற்றோர்கள் சமாளித்தார்கள். இரண்டாவது வாரம் மரிசாவின் வக்கீலுக்குக் காய்ச்சல். அதற்கப்புறம் வரவேண்டிய ஒரு சாட்சி வெளி மாநிலத்திலிருந்து வந்து சேரவில்லை. வான்மதி தினமும் பார்ட் ரயிலில் போய், வராந்தாவில் காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். பெற்றோர்களுக்கு என்ன வழக்கு என்றுகூடச் சொல்லக் கூடாது. இன்னும் முடியவில்லை என்று மட்டும் மெசேஜ் அனுப்பினாள். ஒவ்வொரு மெசேஜுக்கும் பதில்கள் குறைந்தன. இரண்டு குடும்பங்கள் நன்றி சொல்லி விலகின. மூன்றாவது குடும்பம் சொல்லாமலே போனது.

டேகேரின் கைக்குழந்தை ஆதர்ஷின் அம்மா பிரீத்தி மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே மீட்டிங்கில் உட்கார்ந்ததற்கு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சாட்சி விசாரணையெல்லாம் முடிந்த வெள்ளிக்கிழமை காலை, தீர்ப்பைப் பற்றிப் பேச ஜூரி அறைக்குள் போகுமுன் அவள் போன் வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல பிளெசன்டன்ல ஒரு டேகேர்ல ஸ்பாட் இருக்காம். நீங்க மண்டே ஓப்பன் பண்றீங்கன்னா நான் அங்க போகலை. ஆனா நிச்சயமா சொல்லுங்க."

"இன்னைக்கு முடிஞ்சிரும் பிரீத்தி. திங்கட்கிழமை கண்டிப்பா தொறந்துருவேன்."

சொல்லிவிட்டாள். பிறகு போனை வாங்கி வைத்துக்கொண்டு கதவை மூடினார்கள்.

பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் தீர்ப்பு. மதியத்துக்குள் பத்துப் பேர், மரிசா குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். வான்மதியும் லாரி டிரைவரும்தான் மிச்சம். முகமே தெரியாத ஒருத்தரை எப்படி அவள்தான் என்று சொல்வது என்று வான்மதி கேட்டாள். தன்னிடமும் குழந்தைகளின் பெற்றோர்கள் அவசரத்துக்கென்று வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள், நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் முதலில் தன் மேல்தான் சந்தேகப்படுவார்கள் என்றாள். மூன்று மணிக்கு லாரி டிரைவர் தலையைக் குனிந்தபடி கையைத் தூக்கினார். அவருக்கு லாரிக்குத் தவணை கட்ட வேண்டும், அதைக் காலையில்தான் சொல்லியிருந்தார்.

பதினோரு பேர் அவளைப் பார்த்தார்கள். ஒரு பெண் அவள் தோளைத் தொட்டு, நாம் எல்லாருமே வீட்டுக்குப் போக வேண்டும் இல்லையா என்று கேட்டாள். வான்மதிக்கு ஆதர்ஷின் தொட்டில் நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கினாள்.

கோர்ட்டில் தீர்ப்பை வாசித்தார்கள். மரிசா அழவில்லை. மேஜை விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வக்கீல் எழுந்து, ஜூரர்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார். கிளார்க் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார், இது உங்கள் தீர்ப்புதானா என்று. ஆம், ஆம் என்று பதில்கள் வந்தன. லாரி டிரைவர் சொன்னது யாருக்கும் கேட்காததால் இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் முறை வந்தது. ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இது என் தீர்ப்பு இல்லை. எனக்கு வீட்டுக்குப் போகணும்னுதான் கையைத் தூக்கினேன்."

நீதிபதி, திங்கட்கிழமை வந்து மறுபடியும் கலந்து பேசுங்கள் என்று பன்னிரண்டு பேரையும் அனுப்பினார். லிஃப்டில் அவளோடு ஏற யாரும் வரவில்லை. வராந்தாவிலிருந்தே பிரீத்தியைக் கூப்பிட்டு, திறக்க முடியாது என்றாள். பிரீத்தி ஏன் என்று கேட்டாள். அதைச் சொல்ல அனுமதியில்லை.

"அக்கா, காலைலதான கண்டிப்பான்னு சொன்னீங்க," என்றாள் பிரீத்தி. கோபமாகக்கூட இல்லை அந்தக் குரல்.

செவ்வாய்க்கிழமை வரை பேசினார்கள். இன்னும் மூன்று பேர் அவள் பக்கம் வந்தார்கள், அதில் லாரி டிரைவர் இல்லை. அதற்குமேல் யாரும் அசையவில்லை. ஒருமித்த முடிவு இல்லை என்று நீதிபதி ஜூரியைக் கலைத்தார். வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்துவார்களா, விட்டுவிடுவார்களா என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மரிசா வெளியே போகும்போது அவளைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள். தீக்ஷா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யூ குட் ஹேவ் ஜஸ்ட் செட் யெஸ், அம்மா."

"தெரியும்டி. உள்ள கையைத் தூக்கி ஒருதடவை சொல்லிட்டுத்தான் வந்தேன். ரெண்டாவது தடவை வாய் வரலை."

புதன்கிழமை டேகேரைத் திறந்தபோது இரண்டு குழந்தைகள்தான் வந்தன. போன குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஒருவர் எடுக்கவில்லை. பிரீத்தி போனில் அழுதாள், ஆனால் அங்கே முன்பணம் கட்டியாகிவிட்டது என்றாள். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தும் புதிதாக யாரும் சேரவில்லை. அடுத்த மாத வாடகைக்கு நகையை விற்றாள். அதற்கடுத்த மாதத்துக்கு விற்க எதுவும் இல்லை. வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, பிளெசன்டனில் ஒரு டேகேர் சென்டரில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். தீக்ஷா பள்ளிக்கூடம் முடிந்து கடை வேலைக்குப் போகத் தொடங்கினாள். அதை அவள் கேட்காமலே செய்தாள், அதுதான் வான்மதியை மிகவும் வதைத்தது.

சாமான்களை விற்கப் போட்ட சனிக்கிழமை, தென்றல் என்று ஒரு கர்ப்பிணிப் பெண் கணவனோடு வந்தாள். தொட்டிலைத் தட்டிப் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்டாள். வான்மதி சரி என்றாள். இவ்வளவு நல்ல தொட்டிலை ஏன் விற்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, போகும் இடத்தில் வைக்க வசதியில்லை என்று மட்டும் சொன்னாள்.

கணவன் தொட்டிலைக் கழற்றி காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தென்றல் வாசலில் நின்று கேட்டாள்.

"ஆன்ட்டி, எனக்கு டெலிவரிக்கு அப்புறம் உடனே வேலைக்குப் போகணும். இங்க பக்கத்துல நல்ல டேகேர் ஏதாச்சும் தெரியுமா?"

வான்மதி தான் வேலைக்குச் சேர்ந்திருந்த சென்டரின் பெயரைச் சொன்னாள். தென்றல் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு, தேங்க்ஸ் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். வான்மதி உள்ளே போய், தொட்டில் இருந்த இடத்துத் தூசியைப் பெருக்கத் தொடங்கினாள்.