ஆறவேண்டிய அரை மணி

புல்வெட்டும் மெஷினை நிறுத்திய மாத்திரத்தில் அதன் சூடு நின்றுவிடுவதில்லை என்பதைத் திலகவதிக்கு எவரும் பாடம் நடத்திச் சொல்லவில்லை. வெட்டிக் குவித்த பழுப்பு நிலக்கரி, வெளியிலிருந்து ஒரு பொறியும் விழாமல் தன் வெக்கையிலேயே புகையத் தொடங்கும் ஊரில் பிறந்தவள் அவள். அணைந்ததாகத் தெரியும் எதையும் உடனே நம்பிவிடக் கூடாது என்பது அங்கே பிறந்தவர்களின் உடம்பில் ஊறிய அறிவு.

ஆகவே, சுரங்க நகரியத்தின் மனமகிழ் மன்றப் புல்வெளியை வெட்டி முடித்ததும் அவள் மெஷினை நேரே ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனதில்லை. வேப்பமரத்தடியில் சரளைக்கல் பரப்பிய இடத்தில் நிறுத்துவாள். பெட்ரோல் குழாயை மூடுவாள். சைலன்சரைச் சுற்றியும் அடித்தகட்டிலும் அப்பியிருக்கும் புல்லைக் குச்சியால் சுரண்டி எடுப்பாள். அரை மணி கழித்துப் புறங்கையை இஞ்சின்மேல் வைத்துப் பார்ப்பாள். கை பொறுத்தால்தான் மெஷின் உள்ளே போகும். ஸ்டோர் ரூம் என்பது தகரக்கூரை போட்ட சின்ன அறை. பெட்ரோல் கேன், சாக்குகள், தேங்காய்நார் மூட்டை, பதினான்கு பெண்களின் சாப்பாட்டுப் பைகள், எல்லாம் அதற்குள்தான்.

"பெத்த புள்ளைக்கி ஜொரம் பாக்குறா பாரு" என்று லூசியம்மாள் கேலி செய்வாள்.

"பாக்கலன்னா உன் சோத்துப் பையும் சேந்து வேவும். அப்ப வா, பேசிக்கலாம்" என்பாள் திலகவதி.

அந்தப் பதினான்கு பேரில் மற்ற பதின்மூன்று பேரும் குத்தவைத்துக் களை பறிப்பவர்கள், குனிந்து சருகு பெருக்குபவர்கள். திலகவதியும் அப்படித்தான் இருந்தாள். மெஷின் ஓட்டுகிறவர் வராமல் போன ஒரு நாளில் தானே கயிற்றை இழுத்துக் கிளப்பிவிட்டாள். அன்றிலிருந்து நான்கு ஆண்டுகளாக அது அவள் கையில் இருந்தது. இடுப்பெலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் குனிந்து வேலை செய்தால் படுக்கைதான் என்று வடலூர் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்தில் குனியாமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். கான்ட்ராக்டில் இருப்பவளுக்கு வேறு வேலை கேட்டு வாங்கும் வாய் ஏது?

மதிவாணன் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். காரியம் ஆக வேண்டுமென்றால் "அக்கா", ஆகிவிட்டால் "இந்தாம்மா". சென்ற ஆண்டு அவள் மெஷினை ஆறவைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவன், மறுவாரம் ஒரு ரிஜிஸ்டரோடு வந்தான். பெட்ரோல் குழாய் மூடப்பட்டதா, புல் அகற்றப்பட்டதா, அரை மணி நேரம் ஆறியதா, கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். மன்றத்துக் கமிட்டியில் அதைக் காட்டி, தீப்பாதுகாப்புக்குத் தான் வகுத்த முறை என்று பெயர் வாங்கினான். சால்வை போர்த்தினார்கள். திலகவதியும் கைதட்டினாள்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அதை அவள் முன் விரிப்பான்.

"மாசம் முழுக்கப் போட்டுடுங்கக்கா. தெனம் தெனம் யாரு தெறந்து மூடுறது?"

முதல்முறை அவள் தயங்கினாள். "நாளைக்கி நடக்கப்போறதுக்கு இன்னிக்கே கையெழுத்தா சார்?"

"நீங்கதான் ஒரு நாளும் தவறாம செய்றீங்களே. அப்புறம் என்ன பயம்?"

அந்தக் கேள்வியில் ஒரு பாராட்டு இருந்தது. அதுதான் அவளை வீழ்த்தியது. நாள் தவறாதவள் என்ற பெருமையோடு, கட்டம் கட்டமாகத் தன் பெயரை எழுதிக்கொடுத்தாள்.

பிப்ரவரி இருபத்துநான்காம் தேதி, தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் மூன்றரைக்கு வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் மதிவாணனுக்குப் புல்வெளியின் மேற்கோரம் கண்ணை உறுத்தவே, மூன்று மணிக்கு மறுபடி ஓட்டச் சொன்னான். ஓட்டி முடித்துத் திலகவதி மெஷினை வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி மூன்று இருபது. மாசி வெயிலில் புல் பொரிந்து கிடந்தது. அடித்தகடு முழுக்கத் தூள்.

"இத இங்க போட்டுக்கினு இன்னா வேடிக்க? கார் கேட்டாண்ட வந்துடுச்சி!" மதிவாணன் ஓடிவந்தான். அவசரத்தில் அவன் பேச்சிலிருந்து நகரியம் கழன்று ஊர் வெளியே வந்துவிட்டிருந்தது.

"சைலன்சரு கொதிக்கிதுங்க சார். அரை மணி போவட்டும்."

"அரை மணியா? ஜட்ஜுங்க வந்து உன் மெஷினுக்கா கப்பு குடுப்பாங்க? அசிங்கமா நிக்கிது, உள்ள தள்ளு."

"நான் மாட்டேங்க. அந்தப் பக்கமா மறைவா வேணா நிறுத்தறேன்."

அவன் அவளைத் தள்ளிவிட்டுத் தானே மெஷினை உருட்டிக்கொண்டு போனான். சாக்குகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதவைச் சாத்திப் பூட்டினான். சாவி அவன் சட்டைப்பைக்குள் போயிற்று. "போய் முன்னால வரிசையா நில்லுங்க. தொடப்பத்தைப் பின்னால மறைச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

கால் மணி நேரத்தில் கதவிடுக்கிலிருந்து புகை வந்தது. நடுவர்கள் ரோஜாப் பாத்திகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சாவிக்காகப் போனால் அவ்வளவுதான் என்று திலகவதிக்குத் தெரிந்தது. மண்வெட்டியின் இலையைக் கொண்டிக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். கொண்டி பெயர்ந்து வந்தது. உள்ளே சாக்குகள் பிடித்துக்கொண்டிருந்தன. முதலில் பெட்ரோல் கேனைத் தூக்கி வெளியே போட்டாள். எரிந்துகொண்டிருந்த சாக்கொன்றை இழுக்கும்போது வலது முன்கை வெந்தது. லூசியம்மாளும் மற்றவர்களும் மணலை வாரி வாரிக் கொட்டினார்கள். நெருப்பு அடங்கிற்று. சில சாப்பாட்டுப் பைகளும் மெஷினின் கைப்பிடியும் உருகிப்போயின. கப்பு இன்னொரு தோட்டத்துக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் மதிவாணன் முத்தாண்டிக்குப்பத்துக்கு அவள் வீடு தேடி வந்தான். கையில் தீப்புண் களிம்பு இருந்தது.

"அக்கா, நாளைக்கு செக்ரட்டரி கூப்பிட்டுக் கேப்பாரு."

"கேக்கட்டும். நடந்தத சொல்றேன்."

"சொல்லுங்க. சூப்பர்வைசரே விதியை மீறினான்னா கான்ட்ராக்ட் கேன்சல். பதினாலு பேரும் வூட்டுக்குத்தான். தொழிலாளி கவனக்குறைவுன்னா ஒரு எச்சரிக்கை, அதோட போச்சு. மெஷின் உங்க கையிலயேதான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

"இந்தக் களிம்பையும் எடுத்துக்கினு போங்க" என்றாள் திலகவதி. அவன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான்.

இரவு முழுதும் கை காந்தியது. உண்மையைச் சொல்வது என்றே முடிவு செய்தாள். தன் கையை விடவும் பெரிய சாட்சி ஒன்று வேண்டுமா என்ன?

மன்றச் செயலாளர் ஆனந்த்ராஜ் ஓய்வுபெற்ற எஞ்சினியர். நேர்மையானவர் என்று பெயர். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கான்ட்ராக்ட் ஆட்களை யாரும் உட்காரச் சொல்வதில்லை. அந்த மரியாதையில் அவளுக்குத் தைரியம் வந்தது. வாய் திறப்பதற்குள் அவர் ரிஜிஸ்டரை அவள் பக்கமாகத் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே அம்மா?"

"ஆமாங்க."

"நேத்து தேதிக்கு, அரை மணி ஆறியதுன்னு போட்டிருக்கீங்க."

"சார், அது வந்து..."

"அதை விடுங்க. இன்னைக்கு இருபத்தஞ்சு. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு." அவர் விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. "இன்னும் விடியாத நாளுக்கும் ஆறிப்போச்சுன்னு எழுதியிருக்கீங்களே! இனிமே நீங்க சொல்ற எதை நான் நம்பறது?"

திலகவதி அந்தக் கட்டங்களைப் பார்த்தாள். கோணலில்லாமல், அழகாக, ஆசையோடு எழுதிய பெயர். பூட்டு, சாவி, காரை நோக்கி நடந்த சிரித்த முகம் என்று அவள் கோத்து வைத்திருந்ததெல்லாம் அந்தப் பெயரின் முன்னால் கட்டுக்கதையாகச் சுருங்கியது. மதிவாணன் சன்னலோரம் நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் உள்ள வெச்சீங்களா?" என்று கேட்டார் செயலாளர்.

"நான்தாங்க" என்றாள்.

ஆனந்த்ராஜ் பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை, அதனால் அவளுக்குப் புரியவைக்க விரும்பினார். நிறுத்திய பிறகும் இஞ்சின் வெகுநேரம் சூடாகவே இருக்கும் என்றார். காய்ந்த புல் சைலன்சரில் பட்டால் கனலும் என்றார். குழாயை மூட வேண்டும், புல்லைச் சுரண்ட வேண்டும், புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும் என்று தன் புறங்கையை மேசைமேல் வைத்துக் காட்டினார். "மதிவாணன் எவ்வளவு யோசிச்சு இந்த முறையைக் கொண்டுவந்தாரு! நீங்க அதை மதிக்கலை." கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, திலகவதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

வேலைக்கு வரும் கேட் பாஸ் பிழைத்தது. மெஷின் பிழைக்கவில்லை. புது மெஷின் வந்தபோது அது மதிவாணனின் மச்சினன் அருண்ராஜின் கைக்குப் போயிற்று. திலகவதிக்குத் துடைப்பம்.

"கமிட்டி முடிவும்மா. நான் இன்னா பண்றது?" என்றான் மதிவாணன். அவன் பேச்சிலிருந்து "அக்கா" போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள், குனிந்து சருகு கூட்டிக்கொண்டிருந்த திலகவதியின் காதில் மெஷின் சத்தம் நிற்பது விழுந்தது. அவளையறியாமல் மனம் நிமிடத்தை எண்ணத் தொடங்கியது. நான்கு எண்ணுவதற்குள் ஸ்டோர் ரூம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அடியே, சூட்டோடவே உள்ள வெச்சிட்டான்டி. போயி சொல்லேன்!" என்றாள் லூசியம்மாள்.

"எதுக்கு? ரிஜிஸ்டர்ல ஆறிட்டிருக்கும்."

சொன்னாளே தவிர, எழுந்து போய்த் தன் பையை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து வந்து வேப்பமரக் கிளையில் மாட்டினாள். லூசியம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தானும் போய்த் தன் பையை எடுத்து வந்தாள். மறுநாள் காலையில் பதினான்கு பைகளும் மரத்தில் தொங்கின.

பத்து மணிக்கு மதிவாணன் ரவுண்டு வந்தான்.

"என்னம்மா இது, மரமெல்லாம் பை? பாக்கறதுக்கு அசிங்கமா இருக்கு. எல்லாத்தையும் உள்ள வைங்க."

ஒவ்வொருத்தியாகப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமை நோக்கி நடந்தார்கள். திலகவதி தன் பையின் காதுகளை முந்தானையோடு சேர்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். சோற்று டப்பா தேய்ந்த எலும்பில் இடித்தது. அப்படியே குனிந்து பெருக்கத் தொடங்கினாள்.