ஏழு ராத்திரிக்கு ஏழு சரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கம்மாவே சொல்லும், இவ வாய்க்கு பூட்டு போட ஒருத்தன் இன்னும் பொறக்கலன்னு. கத்த வேண்டிய எடத்துல எல்லாம் நல்லா கத்துவேன். ஆனா உள்ளத எழுத வேண்டிய எடத்துல பொய் எழுதிட்டேன். அதத்தான் சொல்லப் போறேன். சொன்னா பாரம் கொறையும்னு எல்லாம் எனக்கு நெனப்பு இல்ல.

பேரு சிவசக்தி. பசறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தேன். படிச்சி முடிச்சி பதுளையில ஒரு ஆய்வுல வேலைக்கி சேந்தேன். நடத்துனது நளீரா டொக்டர். அவங்க கட்டுப்பல்லு செய்ற டொக்டர்தான், ஆனா இந்த ஆய்வு கட்டுப்பல்லு பத்தினது இல்ல, கொறட்டை பத்தினது. சிரிக்காதீங்க, நானும் மொதல்ல சிரிச்சவதான். "கொறட்டைக்கி எதுக்கு டொக்டர் ஆய்வு? முதுகுல ரெண்டு போட்டா நின்னுரும்"னேன். அவங்க சிரிக்கல. ஒக்கார வச்சி சொல்லிக் குடுத்தாங்க.

சில பேருக்கு தூங்கும்போது தொண்டை அடைச்சிக்குமாம். ஒரு மணித்தியாலத்துல முப்பது நாப்பது தடவ மூச்சு நின்னு நின்னு வருமாம். ஒவ்வொரு தடவையும் ஒடம்பு திடுக்குனு முழிச்சிக்கும், ஆனா ஆளுக்கு தெரியாது. விடிஞ்சா தூங்குன மாதிரியே இருக்காது, பகல்ல நின்ன எடத்துல கண்ணு சொருகும். அதுக்கு மேல் பல்லுக்கு ஒன்னு, கீழ் பல்லுக்கு ஒன்னுன்னு தட்டு செஞ்சி மாட்டிவிட்டா, அது கீழ்த்தாடைய முன்னால இழுத்து வச்சிக்கும், தொண்டை தொறந்திருக்கும். தோட்டத்து ஆளுங்க தெனமும் அத போட்டுட்டு தூங்குவாங்களா, போட்டா எவ்ளோ பயன் இருக்கும், இதான் கேள்வி. இருபத்தாறு பேரு, ஆறு மாசம்.

என் வேலை கெழமைக்கி ஒருக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் போறது. வீட்ல ஒரு தாள் இருக்கும், ராத்திரிக்கி ஒரு கட்டம். தட்டு போட்டு தூங்குனா சரி போடணும், போடாட்டி புள்ளடி, குறுக்கால ரெண்டு கோடு. நான் தட்ட பாத்து, ஆளக் கேட்டு, எல்லாம் சரியா இருந்தா கீழ கையெழுத்து வைக்கணும். மொத நாளே டொக்டர் சொன்னாங்க: "புள்ளடி வந்தா வருத்தப்படாதீங்க சிவசக்தி. புள்ளடியும் எனக்கு ஒரு பதில்தான்."

கொஸ்லந்த பக்கத்து தோட்டத்துல பொன்னையா மாமா. அம்பத்திரண்டு வயசு, கொழுந்து லொறி ஓட்டுறவரு. அவரு கொறட்ட, வரிசையா ஒட்டிக் கெடக்குற லயத்து வீடுக முழுக்க கேக்கும். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவுல உள்ளது பேருக்குத்தான் செவரு. அடுத்த காம்பரா அழகையா அண்ணே செவத்துல தட்டித் தட்டியே சுண்ணாம்பு உதுந்து போச்சி. அந்த வருசம் மாமா லொறிய ஓட்டிக்கிட்டே கண்ணசந்து, காலையில வேலைக்கி பேரு கூப்புடுற பெரட்டுக்களத்து மதில்ல கொண்டுபோயி முட்டிட்டாரு. நல்லவேள, யாருக்கும் ஒன்னும் இல்ல. தோட்டத்த நடத்துற துரை கூப்ட்டு, "வைத்தியம் பாத்துட்டு வா, இல்லாட்டி லொறிய விட்டு எறங்கு"ன்னு சொல்லிட்டாரு. அப்பிடித்தான் எங்க ஆய்வுக்கு வந்தாரு.

தட்டு போட்டு ஒன்றரை மாசத்துல மறுபடி சோதிச்சா, முப்பத்தஞ்சு தடவ நின்ன மூச்சு ஏழெட்டுக்கு எறங்கிருச்சி. டொக்டருக்கு சந்தோசம் தாங்கல. ஒவ்வொரு ராத்திரியும் தட்டு போடுற வரைக்கும் இவரு லொறி ஓட்டலாம்னு துரைக்கி கடிதம் குடுத்தாங்க. மாமா காலையில எந்திரிச்சா ஆளே வேற மாதிரி இருப்பாராம். அவரு பொஞ்சாதி பாக்கியலெட்சுமி அத்தை என் கையப் புடிச்சிக்கிட்டு, "இருவது வருசம் கழிச்சி நானும் தூங்குறேன் புள்ள, மூச்சு நின்னு போச்சா நின்னு போச்சான்னு பாத்துக்கிட்டே கெடந்தவ நானு"ன்னுச்சி. எனக்கு அழுக வந்திருச்சி.

ஐப்பசி மழை தொடங்குச்சி. ஒரு சனிக்கெழம நனஞ்சிக்கிட்டே லயத்துக்குப் போனேன். முன்வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து கால்ல கடிச்ச அட்டைக்கி உப்பு வச்சிக்கிட்டிருந்த அழகையா அண்ணே என்ன பாத்ததும், "வாங்க மிஸ். நாலு மாசம் நிம்மதியா இருந்தோம். மழை வந்திச்சி, ஒங்க ஆளும் மறுபடி மெஷின ஸ்டார்ட் பண்ணிட்டாரு"ன்னு சிரிச்சாரு.

உள்ள போனேன். தாள்ல ஏழு ராத்திரிக்கு ஏழு சரி. "தட்டு எங்க அத்தை?"ன்னு கேட்டேன். அத்தை என் மொகத்த பாக்காம சாமி படத்துக்குப் பக்கத்துலருந்து பொட்டிய எடுத்துக் குடுத்துச்சி. தண்ணியில கெடக்க வேண்டிய தட்டு காஞ்சி போய் கெடக்கு. பொட்டி மேல குங்குமம் வேற.

வந்துச்சி பாருங்க கோவம்! "என்னா இது, மாரியம்மனா? பொட்டு வச்சி கும்புடுறதுக்கா டொக்டர் ராப்பகலா ஒக்காந்து செஞ்சி குடுத்தாங்க? வெளக்கு சூட்டுல வளஞ்சி போச்சின்னா யாரு பதில் சொல்றது? போடாத ராத்திரிக்கெல்லாம் சரி போட வெக்கமா இல்ல?"ன்னு லயமே கேக்க கத்துனேன். பொன்னையா மாமா கட்டில்ல ஒக்காந்து தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு கேட்டாரு. நான் மூச்சு வாங்குன நேரத்துலதான் வாயத் தொறந்தாரு.

"புள்ள, எங்கக்கா மீரியபெத்தயில போனது ஒனக்கு தெரியும்தானே?"

தெரியும். ரெண்டாயிரத்து பதினாலுல மீரியபெத்த மலை சரிஞ்சப்ப மண்ணுக்குள்ள போன அக்காவோட ஒரு சீலத்துண்டு கூட இவங்களுக்கு கெடைக்கல.

"எங்க லயத்துக்கு மேலயும் மலைதான். மழைன்னா நான் தூங்குறதே இல்ல புள்ள. மூச்சு நின்னு நின்னு முழிப்பு வரும்ல, ஒவ்வொரு முழிப்புக்கும் காதக் குடுத்து கேப்பேன், கல்லு உருளுதா, மண்ணு சரியுதான்னு. பன்னெண்டு பதிமூனு வருசமா அதான் எனக்கு காவல். ஒங்க தட்டு போட்டா கட்டையாட்டம் தூங்கிர்றேன். எட்டு நாளைக்கி முந்தி ராத்திரி கக்கூஸுக்குப் பின்னால மண் அணை சரிஞ்சிருச்சி. லயமே எந்திரிச்சி பாடசாலைக்கி ஓடிருச்சி. எனக்குத் தெரியல. இவ கன்னத்துல அறஞ்சி எழுப்புனா. மழ விடட்டும், சத்தியமா போடுறேன்."

"அப்ப மழ விடுற வரைக்கும் லொறி ஓட்டாதீங்க மாமா."

"லொறிய விட்டு எறங்குனா அந்த எடத்துக்கு ஆளு தயாரா நிக்கிது. திரும்ப ஏத்துவாங்களா? முப்பது வருசம் ஸ்டியரிங் புடிச்ச கை புள்ள. இத வச்சிக்கிட்டு புல்லு வெட்டச் சொல்றியா?"

அத்தை வந்து என் காலடியிலயே ஒக்காந்திருச்சி. நான் பேனாவ எடுத்தேன். ஏழு சரியையும் வெட்டிட்டு ஏழு புள்ளடி போட்டிருக்கணும். ஒரு நிமிச வேலை. நான் கீழ கையெழுத்து வச்சேன்.

பாவம் பாத்துத்தான் வச்சேன்னு ரொம்ப நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாவம் பாத்தது நெசம். ஆனா அது பாதிதான். மீதிய வெக்கத்த விட்டு சொல்றேன். போன மாசம்தான் கொழும்புலருந்து வந்த டொக்டர்மாருக்கு முன்னால நளீரா டொக்டர் என் தாள்கள விரிச்சி காட்டி, "இவ்ளோ ஒழுங்கா எந்த ஆய்வுலயும் பாத்திருக்க மாட்டீங்க. எங்க சிவசக்தியோட கெட்டித்தனம்"ன்னாங்க. அந்த ஒழுங்குல ஏழு புள்ளடி விழுறது எனக்குப் புடிக்கல. இன்னொன்னும் இருக்கு. அவ்ளோ நேரம் கத்திட்டேன்ல, கத்துனதோட என் கடமை முடிஞ்சிட்ட மாதிரி இருந்திச்சி. மூதேவி, கத்துனா மூச்சு சீராயிருமா?

அடுத்த கெழமயும் மழை. அதுக்கு அடுத்த கெழமயும் மழை. நான் பொட்டிய தொறந்து பாக்கல. தாள மட்டும் வாங்கி கையெழுத்து வச்சேன். மொத்தம் இருபத்தொரு சரி. பஸ்ஸுல வரும்போது ஒவ்வொரு வளைவுலயும் எதுத்தாப்புல கொழுந்து லொறி வருதான்னு பாப்பேன், வீட்டுக்கு வந்து சோத்த போட்டு சாப்புடுவேன். சாப்புட முடிஞ்சிச்சி, அதுவும் உண்மைதான்.

மூனாவது கெழம முடிஞ்சி செவ்வாக்கெழம, பகல் மூனு மணி. கொழுந்து நிறுத்து ஏத்திட்டு ஃபெக்டரிக்கு போற வழியில லொறி ரோட்ட விட்டு எறங்கி தேயிலைக்குள்ள பொரண்டிருச்சி. பிரேக் புடிச்ச தடமே இல்லையாம். மாமாவுக்கு தோள்பட்ட எலும்பு ஒடஞ்சிச்சி. பின்னால கொழுந்து சாக்கு மேல நாலு பொம்பளைங்க இருந்தாங்க. மூனு பேரு சிராய்ப்போட தப்பிச்சாங்க. விதுஷான்னு இருபத்திமூனு வயசு பொண்ணு லொறிக்கி அடியில மாட்டிக்கிச்சி. இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சி.

ஆஸ்பத்திரியில போயி பாத்தேன். நடக்க ஒரு வருசம் ஆகும், மலை ஏறி கொழுந்து எடுக்குறத மறந்துறச் சொல்லிட்டாங்கன்னு அவங்கம்மா அழுதுச்சி. அந்தப் பொண்ணு என்னயப் பாத்து, "மாமாவ யாரும் ஏச வேணாம்னு சொல்லுங்கக்கா. மழ ரோடு, வழுக்கிருச்சி"ன்னு சொல்லுது. அதுக்கு மேல அங்க நிக்க முடியல. வெளிய வந்துட்டேன்.

மறுநாள் டொக்டரோட அறைக்கி போனேன். பொன்னையா மாமாவோட தாள் மேசையில இருந்திச்சி. டொக்டர் கண்ணு செவந்து கெடந்திச்சி.

"இருபத்தொரு ராத்திரி விடாம போட்டிருக்காரு. அப்பிடியும் தூங்கிட்டாரு. அப்ப என்ட தட்டுலதான் பிழை, சிவசக்தி. மூச்சு மறுபடி நிக்கத் தொடங்கினத நான் கவனிக்கல்ல. ஓட்டலாம்னு கடிதம் குடுத்தது நான். அந்தப் புள்ளைட இடுப்ப ஒடச்சது நான்தான்." மத்த இருபத்தஞ்சு பேரோட தட்டையும் திருப்பி வாங்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதி வச்சிருந்தாங்க.

பேசாம இருந்திருக்கலாம். மாமாவ யாரும் சந்தேகப்படல, என்னய யாரும் கேக்கல. ஒரு நல்ல மனுசி நான் செஞ்சத தன் தலையில தூக்கி வச்சிக்கிட்டு என் கண்ணு முன்னால ஒக்காந்திருக்காங்க. தாங்க முடியல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். காஞ்ச தட்டு, குங்குமம், மழை, என் கையெழுத்து, எல்லாத்தையும்.

அவங்க கத்தல. எழுதி வச்சிருந்த கடிதத்த மடிச்சி ஓரமா வச்சாங்க. அப்பறம் கேட்டாங்க, "மத்த இருபத்தஞ்சு பேருடதும்?"

"அதெல்லாம் உண்மைங்க டொக்டர். சத்தியமா உண்மை."

"அத நான் எப்பிடி நம்புறது?"

அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. இருபத்தஞ்சு பேரு வாய் வலிக்க, எச்சி ஒழுக, அஞ்சு மாசமா நேர்மையா போட்ட சரியெல்லாம் என் ஒரு கையெழுத்தால செல்லாம போச்சி. டொக்டர் ஆய்வ நிப்பாட்டிட்டாங்க. தட்டுகள மட்டும் திருப்பி வாங்கல. "துரைக்கி நான் உண்மைய எழுதத்தான் வேணும். கடிதம் போய்ச் சேர முந்தி நீங்க அந்த வீட்டுக்குப் போயி நேரா சொல்லுங்க"ன்னாங்க. அதோட என் வேலையும் முடிஞ்சிச்சி.

போனேன். மாமா கையக் கட்டுப் போட்டு கட்டில்ல ஒக்காந்திருந்தாரு. நான் சொன்னதக் கேட்டுட்டு செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அத்தைதான் என் பின்னாலயே இஸ்தோப்பு வரைக்கும் வந்திச்சி. கைய ஓங்குமோ, மண்ண வாரி எறைக்குமோன்னு நெனச்சேன். அடிச்சா வாங்கிக்கிறதுன்னுதான் வந்திருந்தேன்.

"நீ இப்ப சொன்னது சரிதான் புள்ள"ன்னுச்சி அத்தை. "ஆனா அன்னைக்கி நீ புள்ளடி போட்டிருந்தா என்னா ஆயிருக்கும்? இவர லொறிய விட்டு எறக்கிருப்பாங்க. நான் ஒன்ன வாய்க்கி வந்தபடி ஏசிருப்பேன். இந்த லயத்துப் பக்கமே காலெடுத்து வைக்காதன்னு சொல்லிருப்பேன். ஒரு மாசம் ஏசிருப்பேன், ரெண்டு மாசம் ஏசிருப்பேன். அவ்ளோதானே? விதுஷா இன்னைக்கி மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னிருப்பா. என் ஏச்ச வாங்கிக்க ஒன்னால முடியலையா புள்ள?"

அத்தை கேட்டுட்டு உள்ள போயிருச்சி. இப்பவாவது ஏசும்னு நான் அங்கயே நின்னேன். கடைசி பஸ் போற வரைக்கும் நின்னேன். ஒரு வார்த்த ஏசல.