சண்டைக்குச் சூடாகும் பெட்டி

ரூ லூயி-பிளாங் என்ற பிரெஞ்சுத் தெருவில், நான்காம் மாடியில், மடுத்தீன் வீட்டுக்கு வந்த பெட்டி யாராவது சண்டை பிடித்தால்தான் சூடு தந்தது. பழைய ஹீட்டர் மார்கழிக் குளிரில் ஓய்ந்துபோக, புதியது பூட்ட ஒரு கம்பனி சொன்ன விலைக்குக் கார் வாங்கலாம் என்பதால், புறநகரான கார்ஜ் லே கொனெஸில் பழைய சாமான் விற்கும் தோமாவிடம் அவர் போனார். குளிருக்குச் சூடும் வெயிலுக்குக் குளிரும் தருகிற பெட்டி அது. குழாயை யன்னலால் வெளியே விட்டால் போதும். தோமா ஒன்றையும் ஒளிக்கவில்லை. "அண்ணை, வீட்டிலை சண்டை நடந்தால்தான் இது சூடாகும். முந்தி வைச்சிருந்த ஆக்கள் இப்ப ஒற்றுமையாய்ப் போச்சினம், அதாலை வித்திட்டினம்." கலியாணம் கட்டின வீடுதானே, சண்டைக்கென்ன பஞ்சம் என்று மடுத்தீன் அதைத் தூக்கிவந்தார்.

பஞ்சம்தான் இருந்தது. அவரும் மனைவி சிசிலியாவும் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. அவர் சொல்வார், அவள் ஓம் என்பாள். கறியில் உப்புக் கூட என்று அவர் தொடங்கிப் பார்த்தார். "ஓம், கூடிப்போச்சு," என்றாள் அவள். பெட்டி ஒருமுறை இருமிவிட்டுக் குளிர்காற்றை ஊதியது. கீழ்வீட்டு ஐங்கரனும் மனைவியும் உதவிக்கு வந்து ஆசையாகச் சண்டை பிடித்தார்கள். தேத்தண்ணி வந்ததும் சமாதானமாகிவிட்டார்கள். மறுநாள் மகள் மெலானி பிரசவ ஆசுப்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வர இருந்தாள். தொட்டில் துணியைத் தொட்டுப் பார்த்த சிசிலியாவுக்குக் கை விறைத்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள். "மெலானிக்குப் பேர் வைக்கேக்கை என்னைக் கேட்டனீங்களோ?"

"ஏன், நல்ல பேர்தானே?"

"நான் தர்மிளா எண்டு வைக்க இருந்தனான். நான் நித்திரையாலை எழும்ப முந்தி நீங்கள் பதிஞ்சுபோட்டு வந்திட்டீங்கள்."

பெட்டி மெல்ல முனகத் தொடங்கியது. அதன்பிறகு அவர் நிறுத்தச்சொன்ன தையல் வகுப்பு வந்தது, அவளைப் போகவிடாத, அவளுடைய தம்பியின் கலியாணம் வந்தது, தொலைக்காட்சிச் சத்தம் வந்தது. மடுத்தீனும் விடவில்லை. பின்னேரமாகும்போது யன்னல்களில் வியர்வை வழிந்தது, மாதா படத்தின் முன்னிருந்த மெழுகுதிரி வளைந்துவிட்டது, அவர் பெனியனோடு நின்று, தன் மனைவிக்கு இத்தனை சொற்கள் தெரியுமா என்று வாய்பிளந்தார். குழந்தை வந்து, போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு நித்திரை கொண்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் ஒழுங்காகச் சண்டை பிடித்தார்கள். சிசிலியா கொஞ்சம் சதைபோட்டாள்.

யூலையில் வெயில் தார்ரோட்டை இளக்கியது. பெட்டி குளிர் தரவில்லை என்று மடுத்தீன் போன் எடுத்தபோது, "குளிருக்குப் பாராட்டு வேணும் அண்ணை," என்றான் தோமா, பாவிக்கும் முறை சொல்கிறவன்போல. கட்டடமே கதிரைகளோடு வந்து குந்தியிருக்க, மடுத்தீன் தொண்டையைச் செருமி, பெட்டியைப் பார்த்து, "மீன்குழம்பு பரவாயில்லை," என்றார். வெக்கைதான் வீசியது.

"பெட்டிக்கில்லை அண்ணை, அவவுக்குச் சொல்லுங்கோ," என்றான் ஐங்கரன்.

அவர் சிசிலியாவின் பக்கம் திரும்பினார். "நீர் இல்லாட்டி நான் இந்த ஊரிலை ஒரு கிழமைகூடத் தாங்கியிருக்கமாட்டன்," என்றார். "ஒவ்வொண்டுக்கும் உம்மைக் கேட்டிருக்க வேணும்."

குழாயில் பனி படிந்தது. சிசிலியா மகளின் சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு, "ம், சொல்லுங்கோ," என்றாள்.

ஆவணி பிறந்தபோது அந்தத் தெருவிலேயே தடிமன் பிடித்திருந்தது அவளுக்கு மட்டும்தான். இந்த வெயிலில் எப்படி என்று மருந்துக்கடைக்காரி கேட்டாள். "இவர் இப்ப கனக்கக் கதைக்கிறார்," என்றாள் சிசிலியா. மருந்துக்கடைக்காரி தலையாட்டிவிட்டு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.