இடது கை

எங்கள் பல்கலைக்கழகம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத்தான் ஆரம்பித்தது. "வாத்தியார்களுக்கே வாத்தியார் நாம" என்று துணைவேந்தர் ஏறுகிற மேடையிலெல்லாம் மார்தட்டுவார். வரலாற்றுக் கண்காட்சிக்குப் படக்குறிப்பு எழுதும் தற்காலிக வேலை எனக்கு. வீட்டின் முதல் பட்டதாரி இல்லையா, திறப்புவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன், பீற்றிக்கொள்ளத்தான்.

வாசலில் கொடுத்த விழா மலரை அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

மாதிரிப் பள்ளிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்திப் பழக, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கல்லூரியே நடத்திய பள்ளி. படத்தில் வகுப்பு முழுக்கக் கை தூக்கியிருந்தது. கீழே என் கைவண்ணம்: 'அறிவுத் தாகத்தோடு உயர்ந்த கைகள்.'

"ஏய், இது நான்டி! இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்கு எடுத்தது."

"எல்லாரும் பதில் தெரிஞ்ச புலிங்களா?"

"புலியாவது எலியாவது. தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கைன்னு வாத்தியார் சொல்லி வச்சிருந்தார். வலது கையா பாத்து எழுப்புவார்." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யார்கிட்டயும் உளறி வைக்காதே."

படத்தில் பாதிக்கு மேல் இடது கை.

துணைவேந்தர் மைக்கைப் பிடித்தார். "பாருங்க, கை தூக்காத பிள்ளை ஒண்ணு உண்டா? அதுதான் நம்ம கற்பித்தல்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இடது கையெல்லாம் பதில் தெரியாதவங்க சார்!" என்று கத்தினேன். "இதுங்களை வச்சுப் பழகினவங்க சான்றிதழோட போய்ட்டாங்க. இதோ, படத்துல இருக்கிற எங்கம்மா. இன்னைக்கும் ஒரு வரி படிக்கத் தெரியாது. அதையும் எழுதி மாட்டுங்க!"

கூட்டம் படத்தைப் பார்க்கும் என்று நினைத்தேன். அம்மாவைப் பார்த்தது. "அடப் பாவமே" என்றார் துணைவேந்தர், மைக்கிலேயே.

அம்மா மலரை மெல்ல மூடினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். நானாகத்தான், "கோவமாம்மா?" என்றேன்.

"அந்த வாத்தியார்கூட என்னை எழுப்பி நிக்க வைக்கலடி."

பஸ் வந்தது. எந்த ஊருக்குப் போகிறது என்று எப்போதும் என் காதோடுதான் கேட்பாள். இன்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் கேட்டாள், சத்தமாகவே.