உச்சி மணி

கதறப் போன கெசியாவின் வாயை அம்மா சட்டென்று பொத்தினாள். அடுப்புச் சாம்பல் ஒட்டிய கை. மூச்சு முட்டியது.

"கத்தாதட்டி. அங்கன அவன் எழுதுதாம்லா."

பாயில் அப்பா சாலமோன் கண்மூடிக் கிடந்தார். கோயில் மணியடிப்பவர். விடியற்கால மணியை அடித்துவிட்டு வந்து, மகனுக்கு ஜெபம் பண்ணி வழியனுப்பிவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தவர்தான். சுக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

லண்டனில் புது ராஜாவுக்குப் பட்டம் கட்டிய மறுவருஷம் அது. பாளையங்கோட்டையில் அவர்கள் தெருக்கோடியில் கோயில். கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் கல்லூரி. அங்கேதான் தம்பி பாக்கியசீலன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். ஊரைவிட்டுப் போன துரை ஒருவர், சரித்திரம் படிக்கிறவனுக்கென்றே வைத்துப்போன உபகாரச் சம்பளம். ஜில்லாவுக்கே ஒருவனுக்குத்தான். கிடைத்தால் சென்னைக்குப் போய் பி.ஏ. படிக்கலாம். இல்லையென்றால் படிப்பு இத்தோடு சரி. அடுத்த தடவைக்குள் அவனுக்கு வயது தாண்டிவிடும்.

சீலனிடம் ஒரு கோளாறு உண்டு. ஒரு கேள்வியைப் பிடித்தால் லேசில் விடமாட்டான். பாண்டியர்களை ஆரம்பித்துவிட்டால் அவர்களைக் குடும்பத்தோடு கரையேற்றிவிட்டுத்தான் அடுத்த கேள்வியைத் திரும்பிப் பார்ப்பான். அதனால்தான் அப்பா காலையில் அவனிடம் சொன்னார்.

"ஏலே, என் உச்சி மணி கேட்டதும் எதுல நின்னாலும் விட்டுட்டுக் கடைசிக் கேள்விக்குப் போயிரணும், என்ன?"

"சரிப்பா."

அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

சபையில் ஒருவர் இறந்தால் மணியடிப்பார்கள். ஒரு அடி, அது முழுதும் அடங்கியபின் இன்னொரு அடி. கேட்டதும் ஊர் கூடிவிடும். பாதிரியார் வந்து ஜெபித்து முடித்ததும் அம்மா அவரைக் கும்பிட்டாள்.

"ஐயா, சாவு மணி சாயந்திரம் அடிச்சாப் போதும். கேட்டாம்னா பேனாவைப் போட்டுட்டு ஓடி வந்துருவான்."

பாதிரியார் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரிம்மா. எழுதி முடிக்கட்டும்" என்றார்.

கெசியா அம்மாவையே பார்த்தாள். கோழியை விரட்டினாலே மூன்று தெருவுக்குக் கேட்கும் அம்மா ஞானசௌந்தரியின் தொண்டை. அதை இன்று எங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறாளோ.

செய்தி காதோடு காதாகப் பரவியது. மணி இல்லாத சாவை அந்தத் தெரு கண்டதில்லை. ஆனாலும் காரணம் தெரிந்ததும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பெண்கள் வந்தார்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த தெரு இசக்கித்தாய் ஒப்பாரி வைக்கிறதில் பேர்பெற்றவள். தலையை விரித்துக்கொண்டு வந்தவள், வாசலில் விஷயத்தைக் கேட்டு முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் தாரைதாரையாக ஓடியது. சவப்பெட்டிக்குப் பலகை ஏற்றிவந்த மேலப்பாளையம் அலி அக்பர், தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி மாடுகளின் கழுத்துச் சலங்கையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். தச்சர் சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இத்தனை ஜனம், இத்தனை அழுகை, ஒரு சத்தம் இல்லை. கெசியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. காலமெல்லாம் ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த மனுஷருக்காகவா இது? அவர் பிள்ளை என்றைக்கோ செத்த ராஜாக்களைப் பற்றி எழுதுவதற்காகவா? அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லோரையும் விழுந்து கும்பிட வேண்டும்போலவும் இருந்தது.

வாசல் வேம்பின் நிழல் தூரடிக்கு வந்து, கிழக்கே நீளத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் சாரம்மாள், பிள்ளைகளுக்குச் சோறு போட எழுந்தவள், பைய கேட்டாள்.

"இன்னும் உச்சி ஆகலியாக்கும்? மணி கேக்கலியே."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சாவு மணியை நிறுத்தத் தெரிந்த அத்தனை பேருக்கும் உச்சி மணி மறந்துபோயிருந்தது. அதை அடிக்கிறவர் இதோ பாயில் கிடக்கிறார். காய்ச்சலிலும் பெருமழையிலும் அவர் அதைத் தவறவிட்டதே இல்லை.

"நான் ஓடிப்போய் அடிச்சிட்டு வாரேன்" என்று கெசியா எழுந்தாள்.

அம்மா அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்ட்டி. நேரங்கெட்ட நேரத்துல கேட்டா அதைத்தான் சாவு மணின்னு நெனைப்பான்." பிடித்த கையை விடவில்லை. "எம் பிள்ளை படிப்ப நானே கெடுத்துட்டனே."

அதற்குமேல் எல்லோர் கண்ணும் தெருமுனையில்தான். மணி கேட்காமல் பதறி இதோ ஓடி வரப்போகிறான், இதோ வரப்போகிறான் என்று பார்த்தார்கள். அவன் வரவில்லை. வெயில் சாய்ந்தது. அப்போதும் வரவில்லை.

"பாண்டியர் கேள்வி வந்திருக்கும்மா. அதுலயே முங்கிட்டான் போல" என்று கெசியா தேற்றினாள். அப்படியென்றால் கடைசிக் கேள்வி போயிற்று. அதை அவள் சொல்லவில்லை.

அப்போது மணி அடித்தது. ஒரு அடி. அது தேய்ந்து அடங்கியது. இன்னொரு அடி.

பாதிரியார் அவர்களோடுதான் நின்றிருந்தார். அவரும் திடுக்கிட்டுப் போனார். கெசியா ஓடினாள்.

மணிக்கூண்டின் கீழே சீலன் நின்றிருந்தான். கயிற்றை இழுத்து விட்டான். அப்பாவைப் போலவே, ஓசை முழுதும் அடங்கும்வரை தலைகுனிந்து காத்திருந்தான்.

"ஏலே... ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. ஜன்னல் நெழலு செவுத்தோட ஒட்டி உச்சியாயிருச்சு, மணி கேக்கல." மறுபடி கயிற்றை இழுத்தான். "அப்பா இருந்தா அடிக்காம இருப்பாவளா?"

"பெறவு?" என்றாள்.

"கடைசிக் கேள்விக்குப் போயிட்டேன்."

அவன் விரலெல்லாம் மை. அப்பாவின் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்த இடத்துக்குச் சற்று மேலே கயிற்றைப் பிடித்திருந்தான். தெருவிலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது. மூன்று தெருவுக்கும் கேட்டிருக்கும். கெசியா பக்கத்தில் போய், தரையில் கிடந்த கயிற்றின் நுனியை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.